கிரேஸ் ஆன்ட்டியின் மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான்

போன ஏப்ரலில் கிட்வாய் நகர் கிரேஸ் ஆன்ட்டி ஐசியூவில் கிடந்தபோது நீங்கள் எல்லாரும் ஜெபம் செய்தீர்கள். ஆன்ட்டி பிழைத்தார். அதைப் பற்றி நம் டெல்லித் தமிழ் ஜெப ஐக்கியத்தில் நாலைந்து பேர் சாட்சியும் சொல்லிவிட்டார்கள். ஒருவரும் முழுவதையும் சொல்லவில்லை. பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எனக்காக வாயை மூடிக்கொண்டார்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். ஆன்ட்டியை அங்கே படுக்க வைத்தது நான்.

நான் ஹங்கேரியில் படிக்கிறேன். நீங்கள் நினைப்பதுபோல் எம்பிபிஎஸ் இல்லை. மருத்துவப் படிப்பில் சேருவதற்கு முன் படிக்கும் தயாரிப்பு வருடம். பயாலஜி, கெமிஸ்ட்ரி, அந்த ஊர் மொழி, அவ்வளவுதான். கடைசியில் ஒரு தேர்வு. அதில் தேறினால்தான் முதல் வருடம். ஒரு நோயாளியைக்கூட நான் தொட்டதில்லை. லேபில் வெள்ளைக் கோட்டு போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். அம்மா அதை ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் ‘எங்கள் டாக்டர்’ என்று போட்டாள். நாற்பது பேர் கை கூப்பினீர்கள். நான் திருத்தவில்லை. பிடித்திருந்தது.

அதன்பிறகு ரிப்போர்ட்டுகள் வர ஆரம்பித்தன. சர்க்கரை, தைராய்டு, முட்டி எக்ஸ்ரே. இணையத்தில் தேடி, இரண்டு வரி படித்து, பெரிய மனுஷி மாதிரி பதில் போட்டேன். உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. போன வருடம்வரை பள்ளிச் சீருடையில் பார்த்த பெண்ணிடம் எதற்கு மருந்து கேட்டீர்கள்? ஆனால் தெரியாது என்று சொல்ல வேண்டியவள் நான்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள். வகுப்புத் தோழிகளோடு வியன்னாவில் இருந்தேன். அந்த வருடம் ஞாயிறு என்றால் எனக்கு ஊர் சுற்றும் நாள். ஆராதனைக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு அரண்மனைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கிரேஸ் ஆன்ட்டி தன் முகத்தையும் ஒரு மாத்திரை அட்டையையும் படம் எடுத்து அனுப்பினார். கூடவே குரல் செய்தி, எந்தப் பிள்ளையையும் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார்: “மக்களே, மூஞ்சி பலூன் மாதிரி வீங்கிக் கெடக்கு. மூட்டு வலிக்கு ஆறு வருசமா இதத்தான் திங்கேன். இதனாலயா இருக்குமோ? அங்கிளுக்குத் தெரியாது, சொன்னா திட்டுவாரு.”

தேடினேன். ஸ்டீராய்டு. முகம் வீங்கும் என்று முதல் வரியிலேயே இருந்தது. அதற்குக் கீழே படிக்கவில்லை. தோழிகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “இது ஸ்டீராய்டு ஆன்ட்டி, ரொம்ப கெடுதல். இன்னைக்கே நிறுத்துங்க” என்று அடித்துவிட்டு ஓடினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை. பிராக் நகரத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். குழுவில் போதகரின் செய்தி வந்தது. கிரேஸ் சகோதரிக்கு இரண்டு நாளாக வாந்தி, காலையில் மயங்கி விழுந்துவிட்டார், ரத்த அழுத்தம் விழுந்து ஏறவே இல்லை, காரணம் தெரியவில்லை என்கிறார்கள், எல்லாரும் ஜெபியுங்கள் என்று.

அப்போதுதான் மிச்சத்தைப் படித்தேன். வருடக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் விழும், உயிரே போகலாம் என்று இருந்தது. வாந்தி, மயக்கம், எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது.

என்ன செய்தேன் தெரியுமா? முதலில் அந்தச் செய்தியை அழிக்கப் பார்த்தேன். பத்து நாள் பழையது, என் போனில் மட்டும்தான் அழிந்தது. பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

நடந்ததைச் சொன்னேன். அம்மா சொன்னாள்: “ஏட்டி, நீ ஒண்ணும் சொல்லாத, கேட்டியா? பெரிய ஆஸ்பத்திரி. அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க. நீ ஜெபம் மட்டும் பண்ணு.”

“கண்டுபிடிக்கலன்னா?”

“வாய மூடு. நம்ம மானம் போயிரும்.”

அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் இதை இப்போது எழுதுகிறேன். “எழுது, நான் சொன்னதயும் சேத்து எழுது” என்றாள்.

அன்று ரயிலில் கண்ணை மூடினேன். ஆண்டவரே, ஆன்ட்டியைப் பிழைக்க வையும் என்றேன். கூடவே, நான் சொன்னது யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் கேட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். கேட்கும்போதே நாக்கு கசந்தது. எதிரே ஒருவர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்து ஒரு துண்டை நீட்டினார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் யார் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார் என்று தோன்றியது. வார்த்தையை மாற்றினேன். எனக்கு ஒன்றும் வேண்டாம், ஆன்ட்டி பிழைத்தால் போதும், எனக்குத் தைரியம் மட்டும் கொடும் என்றேன்.

போன் அடித்தது. ஆன்ட்டியின் மகள் ஷைனி. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், பாதி இந்திதான் பேசுவாள்.

“அக்கா, ப்ளீஸ் ப்ரே பண்ணுங்க. டாக்டர் பூச்தே ரஹ்தே ஹைன், மம்மி என்ன மருந்து சாப்பிடறாங்கன்னு. பப்பாக்கு ஒண்ணும் தெரியல. டப்பா எங்க வச்சாங்கன்னே தெரியல. நீங்க மெடிக்கல்தானே, எதாவது ஐடியா இருக்கா?”

நான் கூப்பிட வேண்டியவள். எனக்குத் துணிச்சல் இல்லை என்று ஆண்டவர் அவளையே கூப்பிட வைத்தார்.

“ஷைனி, போனை டாக்டர்கிட்ட குடு. ஜல்தி, சீக்கிரம்.”

ஒரு பெண் டாக்டர் பேசினார். மாத்திரையின் பெயரைச் சொன்னேன். ஆறு வருடம் என்றேன். பத்து நாளுக்கு முன் நிறுத்திவிட்டார் என்றேன்.

“கிஸ்னே பந்த் கர்வாயா?” யார் நிறுத்தச் சொன்னது?

“மைனே.” நான்தான்.

“ஆப் டாக்டர் ஹைன்?” நீங்கள் டாக்டரா?

“நஹீன் மேடம். டாக்டர் நஹீன் ஹூன்.”

நான் டாக்டர் இல்லை என்பதை வாழ்க்கையில் முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன். ரயிலில் பக்கத்தில் இருந்த தோழிகள் திரும்பிப் பார்த்தார்கள். “பாகல் ஹோ க்யா?” பைத்தியமா என்று கத்திவிட்டு அந்த டாக்டர் போனை ஷைனியிடம் கொடுத்தார். ஊசிக்கு யாரையோ விரட்டும் குரல் கேட்டது.

பிராக்கில் நான் எதையும் பார்க்கவில்லை. ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஷைனியிடமிருந்து செய்தி: ‘பிபி ஏறுது. மம்மி தண்ணி கேட்டாங்க.’ அதற்குக் கீழே இன்னொன்று: ‘நீங்க ஏன் இப்படி பண்ணீங்க அக்கா?’ முதல் செய்திக்கு முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். இரண்டாவதை இன்றுவரை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஜூலையில் டெல்லி வந்ததும் கிட்வாய் நகர் போனேன். அங்கிள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசிவரை வெளியே வரவில்லை. அவர்மேல் எனக்குக் குறை இல்லை.

ஆன்ட்டி சோபாவில் இருந்தார். “வாங்க டாக்டரம்மா” என்றார்.

செருப்பால் அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. காலடியில் உட்கார்ந்து அழுதேன்.

“எழும்பு மக்களே. பிளஸ் டூ முடிச்ச பிள்ளட்ட மருந்து கேட்டேன் பாரு, எனக்கும் சேத்துல்லா ரெண்டு போடணும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், நீ அன்னைக்கு வாயத் தொறந்தது பெருசு. தொறக்காம இருந்திருந்தா உங்க அங்கிள் எனக்குக் கல்லறைக் குழி தோண்டியிருப்பாரு.”

உள்ளே அங்கிள் இருமினார். ஆன்ட்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தயாரிப்பு வருடத்தில் தேறிவிட்டேன், மயிரிழையில். அடுத்த மாதம் முதல் வருடம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றுவதில்லை. யாராவது ரிப்போர்ட் அனுப்பினால் ‘எனக்குத் தெரியாது, உங்கள் டாக்டரிடம் போங்கள்’ என்று பதில் போடுகிறேன். சிலருக்கு வருத்தம். இருக்கட்டும்.

ஆன்ட்டிக்காக நான் கேட்டதைத் தேவன் கொடுத்தார். என் மானத்துக்காகக் கேட்டதைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஆன்ட்டி இன்று இல்லை. உங்கள் வீட்டிலும் யாராவது படுக்கையில் இருக்கலாம். தேவனிடம் கேளுங்கள். அவர் செவிகொடுக்கிறார், நான் கண்டேன். ஆனால் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று இருந்தால், முழங்காலிலிருந்து எழுந்து முதலில் அதைப் போய்ச் சொல்லுங்கள்.