இரண்டு மிதி

பழைய அம்பாசடர் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீட்டில் உட்கார்ந்ததும், சாவியைத் தொடுவதற்கு முன்பே, ஆக்சிலேட்டரை இரண்டு தடவை மிதித்துவிடுவார்கள். பெட்ரோல் ஏறட்டும் என்று ஆரம்பித்த பழக்கம். நாளடைவில் காலே அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. அவர்களிடம் மிதிக்காதே என்றால் செருப்போடு பூசை அறைக்குள் போகச் சொன்ன மாதிரி தவிப்பார்கள். பதினைந்து வருஷம் லாரிப் பட்டறையில் வயரிங் பார்த்தவன் நான். இந்தப் பழக்கம் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையை ஒட்டின ஒரு தகரக் கொட்டகையில் நானும் தங்கச்சியும் சேர்ந்து இந்தத் தொழிலை ஆரம்பித்தோம். பழைய காரிலிருந்து எஞ்சினை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் மோட்டாரும் டிக்கியில் பேட்டரியும் வைத்துக் கரண்டில் ஓடவைப்பது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவார்கள், திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி கட்டுவார்கள். நன்றாக ஓடுகிற எஞ்சினைக் கழற்றி ஓரமாகப் போடுகிறவனை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. டீ குடிக்க நிறுத்துகிற லாரிக்காரர்கள் உள்ளே வந்து, பானெட்டைத் திறக்கச் சொல்லி, "எஞ்சின் எங்கீங்க?" என்று கேட்டுவிட்டு, என் தலையையும் ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார்கள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். தங்கச்சிதான் பொறுமையாக விளக்கிச் சொல்லி அனுப்புவாள்.

அவள் போர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடையில் எட்டு வருஷம் வேலை செய்தவள். அவள் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே போனால் பொங்கலுக்குத்தான் முகம் காட்டுவார். எங்கள் கொட்டகையில் மோட்டாரும் பிரேக்கும் என் பொறுப்பு, பேட்டரி அவள் பொறுப்பு. பேட்டரிக்குள் ஒரே ஒரு நட்டு லூசாக இருந்தாலும் போதும், சூடேறி வண்டியே எரிந்துபோகும். அவள் முறுக்கின நட்டை நான் ஒருநாளும் மறுபடி சரிபார்த்ததில்லை. இறுகிவிட்டதா என்று ஸ்பேனருக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும் என்பாள். எங்கள் தொழிலே அவளுடைய வலது கையில்தான் இருந்தது. நான் வாய்.

எங்களிடம் வந்த நாலாவது வண்டி குமாரபாளையத்துத் தறி முதலாளி ஒருவருடையது. அவருடைய அப்பா வாங்கின வெள்ளை அம்பாசடர். வண்டியோடு அதன் டிரைவரும் வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரே வண்டியை ஓட்டியவர். முதலாளி பள்ளிக்கூடம் போனதே அதில்தான், அதனால் அவரை இன்னும் 'டிரைவரண்ணா' என்றுதான் கூப்பிடுவார். வேலை நடந்த இரண்டு மாதமும் டிரைவர் வாரத்துக்கு ஒரு முறை பஸ் ஏறி வந்து, வண்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். எஞ்சினைக் கழற்றின அன்று மட்டும் வெளியே போய் நின்றுகொண்டார்.

வண்டியைக் கொடுக்கிற நாள் வந்தது. காலையிலேயே நல்ல நேரம் பார்த்திருந்தார்கள். கொட்டகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டுவிட்டு இறங்கினேன். அந்த இடம் கொஞ்சம் சரிவு. வண்டி உருளாமல் இருக்கக் கியரில் போட்டு நிறுத்துவது எனக்குப் பட்டறையில் ஊறின பழக்கம். பழைய கியர்பாக்ஸை மாற்றாமல்தான் மோட்டாரைப் பூட்டியிருந்தோம்.

முதலாளி சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டார். நான் ஜன்னல் வழியாகச் சாய்ந்து சாவியைத் திருப்பினேன். சின்னத் திரையில் நூறு என்று வந்தது. அவர் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாலு பேருக்கு அனுப்பலாம், நம் வேலையை நாலு பேர் பார்க்கட்டும். போனை எடுத்துக்கொண்டு வண்டிக்கு எதிரே ஓடினேன். சாவியை அணைக்கவில்லை. எஞ்சின் வண்டியில் ஸ்டார்ட் பண்ணாத வரைக்கும் சாவி அப்படி இருந்தால் ஒன்றும் ஆகாது. இதில் சாவி ஆனில் இருந்தாலே வண்டி கிளம்பத் தயார். சத்தம் மட்டும் வராது. சத்தமே வராது என்பதைத்தான் நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

பூசைக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கள் கொட்டகையில் அதைத் தங்கச்சிதான் வைப்பாள். மூன்று சக்கரத்துக்கு வைத்துவிட்டு, முன்னால் இடது சக்கரத்துக்குக் குனிந்தாள். பழம் சரிவில் உருண்டது. அதைப் பிடித்துச் சக்கரத்தோடு ஒட்டி வைத்தாள். அந்த நேரம் பார்த்து, தயாராக இருப்போம் என்று டிரைவர் ஏறி உட்கார்ந்தார். இரண்டு தடவை மிதித்தார்.

வண்டி அரை அடி துள்ளியது. அவ்வளவுதான். சக்கரம் அவள் விரல்கள் மேலேயே நின்றது.

அவள் கத்தின கத்தலை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் ஓடிப்போய், கதவு வழியாகக் கையை விட்டுச் சாவியை அணைத்து உருவினேன். கியரை எடுத்துவிட்டு நாலு பேராக வண்டியைப் பின்னால் தள்ளினோம். அவள் கையைத் துண்டில் சுற்றின பிறகு, முதல் ஆளாகக் கத்தியது நான்தான். "எவன்யா வண்டிய எடுக்கச் சொன்னது?"

டிரைவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நான் சாவியத் தொடவே இல்லீங்க சாமி. சும்மா மிதிச்சனுங்க. சத்தியமாத் தொடல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வண்டி செய்தவன் நான்தானே. முதலாளி கேட்டார், "ஏனுங்க, சாவி போடாம இந்த வண்டி நகருமுங்களா?"

"நகராதுங்க" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சாவி போடாமல் வண்டி நகராதுதான். சார்ஜைக் காட்டின கையோடு நான் சாவியை அணைத்திருப்பேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு டிரைவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தங்கச்சியின் வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. நடுவிரல் மடங்கும், ஆனால் உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரிக்கு முதலாளி வந்தார், டிரைவர் வரவில்லை. அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக முதலாளி சொன்னார். "வயசாயிருச்சுங்க. என்ன பண்றோம்னு அவருக்கே தெரியல" என்றார். டிரைவரண்ணா என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரியே போனிலிருந்த வீடியோவை அழித்தேன். அதில் சாவி தெரியவே இல்லை. இருந்தும் அழித்தேன்.

எட்டு மாதம் போனது. இப்போது எங்கள் வண்டி எதுவும் பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் ஒழிய நகராது. அந்தச் சுவிட்சை நானே பூட்டுகிறேன், மூன்று தடவை சரிபார்க்கிறேன். தங்கச்சி இடது கையால் வேலை செய்யப் பழகினாள். ஒரு மணி நேர வேலை அரை நாள் இழுக்கும். ஸ்பேனர் நழுவிக் கீழே விழும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவள் அதைக் கவனித்துவிட்டு, "உன்ற கை நல்லாத்தான இருக்கு, எடுத்துக் குடேன்" என்று சிரிப்பாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள். "ஏண்ணா, நமக்கு டெஸ்ட் ஓட்ட ஒரு ஆளு வேணுமில்ல? அந்த டிரைவரையே கூப்பிடலாமா?"

"கைய நசுக்கினவரையா?"

"அவரு சாவியத் தொடலைன்னு அத்தன பேரு முன்னால சொன்னாருண்ணா. பொய் சொல்ற மூஞ்சியே இல்ல அது. பேட்டரிப் பக்கம் வயரிங்ல ஏதோ ஆயிருக்கு. நான்தான் ஏதோ கோளாறு பண்ணிப்போட்டனோன்னு எனக்கு அப்பப்பத் தோணுது."

எட்டு மாதமாக அவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தட்டைத் தள்ளி வைத்தேன். "சாவிய ஆன் பண்ணினது நான்" என்றேன். "சார்ஜக் காட்டிட்டு அணைக்க மறந்துட்டேன். நீ ஒண்ணும் பண்ணல. அவரும் பண்ணல."

அவள் எழுந்து, இடது கையால் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்காரவில்லை. "எங்கிட்டச் சொல்லிட்டா ஆச்சா? அந்த மனுசன்கிட்டப் போயிச் சொல்லு. சொல்லாம இந்தப் பக்கம் வராத" என்றாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசினதே இல்லை.

மறுநாள் குமாரபாளையம் போனேன். முதலாளியின் தறிக்கூடத்தில் ஒரு ஆளிடம் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். குறுகலான சந்து, இரண்டு பக்கமும் விசைத்தறி. வீட்டுக்குள் பேசுகிறவர்கள்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். டிரைவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "வாங்க சாமி, வாங்க. அம்மிணிக்குக் கை எப்படி இருக்குதுங்க?"

பரவாயில்லை என்றேன். ஆள் பாதியாகியிருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி சொன்னார், "இப்பெல்லாம் கேஸ் அடுப்பக்கூடத் தொடறதில்லீங்க. கதவப் பூட்டினாலும், நான் பூட்டினனான்னு என்னையக் கேப்பாரு. கை தானா ஏதாச்சும் பண்ணிப்போடும்னு பயமுங்க." சொல்லிவிட்டுக் காப்பி வைக்கப் போனார்.

நான் தயார் பண்ணிக்கொண்டு போன பேச்செல்லாம் மறந்துவிட்டது. "சாவி ஆன்ல இருந்துச்சுங்க. நான்தான் வெச்சிருந்தேன். நீங்க தொடவே இல்லீங்க!" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

அவர் மெல்லச் சிரித்தார். "என்ற மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. எனக்குத் தெரியுதுங்க. மொதல்ல நானும் தொடலைன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். யோசிக்க யோசிக்கத்தான் ஞாபகம் வந்துச்சு. என்ற கை சாவியத் திருப்புனது இப்பக் கண்ணுல தெரியுதுங்க."

"இல்லீங்க! அது நான் திருப்பினதுங்க!"

"சாவி போடாம நகராதுன்னு நீங்களே சொன்னீங்களே சாமி. வண்டி செஞ்சவரு நீங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. என் தங்கச்சி மேல் ஆணை, என் பிள்ளைகள் மேல் ஆணை என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இளகிக்கொண்டே போனது. ஒரு பெரிய மனுஷன் தனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணுகிறான் என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

அடுப்பு இருந்த பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா. கை போன புள்ளையோட அண்ணனே நம்ம ஊடு தேடி வந்து, எம்மேல தப்பில்லைங்கறாரு. நம்மள மன்னிச்சுட்டாங்க. இனி நீ அழுவாத."

அந்தம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கும்பிட்டார். அவரும் கும்பிட்டார். "நான்தான் வெச்சேன்" என்று இன்னொரு தடவை கத்தினேன். தறிச் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.