பதில் போடாதே என்கிற முகவரி

குன்வோர் லிண்டெல் தன் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிற பேர்வழி. வானிலை அறிக்கை வெயில் என்றால் குடையோடுதான் கிளம்புவாள். ஸ்வீடனின் வடக்கே ஹெல்லவிக் நகராட்சியில் முப்பத்தோரு வருடமாகப் பதிவாளர். அங்கே வருகிற தாளோ மெயிலோ எதுவானாலும் அன்றன்றே தேதி போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். யார் வந்து கேட்டாலும் காட்டியாக வேண்டும். இந்த வேலைக்கு ஒரு சந்தேகக்காரியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா என்ன!

ஜனவரியில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் ரிக்கார்டு என்ற இளைஞன் ஒரு புது ஏற்பாடு செய்தான். முதியோர் இல்ல விண்ணப்பங்களுக்கு இனி இயந்திரமே மெயில் அனுப்பும். 'விண்ணப்பம் கிடைத்தது', 'இன்ன தாள் பாக்கி' என்று. அனுப்புகிற முகவரியின் பெயரே 'பதில் போடாதே'. ஒன்பதரை மணிக் காபி வேளையில் அவன் இதைச் சொன்னதும் குன்வோருக்கு வாயிலிருந்த ரொட்டி இறங்கவில்லை.

"நீ கடுதாசி போடுவியாம், அவங்க பதில் போடக்கூடாதாம். மீறிப் போட்டா அது எங்க போய் விழும்?"

"எல்லாத்துக்கும் வழி பண்ணியாச்சு, குன்வோர். நீ காபியைக் குடி."

எந்த வழி என்று அவன் சொல்லவில்லை, பாருங்கள். அன்றிலிருந்து அவன் தும்மினாலும் அவளுக்கு உள்நோக்கம் தெரிந்தது.

மார்ச் கடைசியில் மார்த்தா நிஹோல்ம் கவுன்ட்டருக்கு வந்தாள். எழுபத்தெட்டு வயது. கணவர் ஆர்விட்டுக்கு மறதி நோய். போன வாரம் வெறுங்காலோடு பனியில் இறங்கி நடந்துவிட்டார். இல்லத்தில் காலியாக இருந்தது ஒரே ஓர் அறை. டாக்டர் சர்டிஃபிகேட்டைப் பத்தாம் தேதிக்குள் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மார்த்தா அதை இரண்டாம் தேதியே, இயந்திரம் அனுப்பிய மெயிலுக்குப் பதிலாக அனுப்பிவிட்டாள். இப்போது, சர்டிஃபிகேட் வரவில்லை, வியாழக்கிழமை அறை அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதே முகவரியிலிருந்து மெயில் வந்திருக்கிறது.

"கதவுக்குக் குறுக்க நாற்காலியைப் போட்டு அதுலயே தூங்குறேன். இன்னும் எத்தனை நாள் முடியும்னு தெரியல," என்றாள் மார்த்தா.

அந்தக் கம்ப்யூட்டர்காரனிடம்தான் இருக்கும், பிடுங்கித் தருகிறேன் என்று சொல்லி குன்வோர் அவளை அனுப்பி வைத்தாள். வீட்டுக்குப் போனதும் அந்த முகவரிக்குத் தானே ஒரு வரி அனுப்பிப் பார்த்தாள். அது திரும்பி வரவில்லை. திரும்பாத கடிதம் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கத்தான் வேண்டும். அந்தப் பயல் அமுக்கி வைத்திருக்கிறான்!

நேரே கேட்டால் மழுப்புவான். ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி, பெயர் சொல்லாமலே யாரும் நகராட்சியின் எந்தத் தாளையும் கேட்கலாம். யார், எதற்கு என்று அதிகாரிகள் கேட்கக் கூடாது. குன்வோர் பெயரில்லாமல் ஒரு மனு எழுதினாள்: அந்த முகவரிக்கு வந்த கடிதங்கள் அத்தனையும் வேண்டும். மறுநாள் காலை மனு போய்ச் சேர்ந்த இடம், பதிவாளர் மேசை. தன் மனுவுக்குத் தானே எண் போட்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ரிக்கார்டுக்கு அனுப்பினாள்.

அரை மணியில் அவன் ஒற்றைத் தாளோடு வந்தான். மனு யாருடையது என்று கேட்கவில்லை, ஆனாலும் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. தாளில் நாற்பத்துநான்கு கடிதங்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது போய்ச் சேர்ந்த இடம்.

"ஒண்ணுகூட என்கிட்ட தங்கல. வந்த உடனே உன் பெட்டிக்குத் திருப்பி விட்டிருக்கேன். பதிவாளர் நீதானே? வேற யாருக்கு அனுப்புவேன்?"

அவனைப் பொய்யனாக்கிக் காட்டத்தான் தன் மெயில் பெட்டியைத் திறந்தாள். வந்த மெயில்கள் பகுதியில் அவற்றில் ஒன்றுமில்லை. குப்பைப் பகுதியில் இருந்தன. 'பதில் போடாதே' என்ற பேர் இருக்கிற எந்த மெயிலையும் மோசடி என்று குப்பைக்குத் தள்ளும்படி, ஜனவரியில் அவளேதான் கட்டளை போட்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அவள் நேற்று அனுப்பிய வரி. கீழே மார்த்தா, மார்ச் இரண்டு, டாக்டர் கையெழுத்தோடு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்!

குன்வோரின் முகம் செத்துப் போயிற்று. இன்றைய தேதி போட்டு ஏற்றினால் அவள் தப்பு மறையும். ஆர்விட்டின் அறை போய்விடும். ரிக்கார்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பழைய தேதியே போடு. கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுதிடு, நான் ஒத்துக்கிறேன்."

இவன் ஏன் திடீரென்று நல்லவனாகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. சீ, என்ன புத்தி இது என்று அவளுக்கே அவமானமாகிவிட்டது. மார்ச் இரண்டு என்று போட்டாள். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

முதியோர் பிரிவு தேதியைப் பார்த்து அறை ஆர்விட்டுக்கே என்றது. குன்வோர் மார்த்தாவுக்கு ஃபோன் போட்டாள். அந்தக் கம்ப்யூட்டர்காரனிடமிருந்து பிடுங்கிவிட்டாயா என்று சந்தோஷப்பட்டாள் மார்த்தா.

"இல்ல மார்த்தா. என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் பாக்கல."

 "மத்தவங்களுக்கும் நீயே சொல்லிடு," என்று மார்த்தா ஃபோனை வைத்துவிட்டாள்.

பாக்கி நாற்பத்திரண்டு வீடுகள். ஒவ்வொன்றாக ஃபோன் போட்டுச் சொல்லிக்கொண்டு வந்தாள் குன்வோர். ஏழாவது வீட்டில் ஃபோனை எடுத்த மகன், அம்மாவுக்கு இனி அறை வேண்டாம், போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றான்.