பத்துக்கு எட்டில் ஒரு ஓட்டை

ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கிறவனுக்கு, ஊர்ல யாருக்கு எத்தனை அடி மரியாதைங்கிறது ஊருக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோ, டைப்பிங் சென்டர்னு எதையாவது திறந்து வெச்சுக்கிட்டு, வர்றவன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுற பாவப்பட்ட ஜென்மங்களே, இது உங்களுக்குத்தான். மத்தவங்களும் படிக்கலாம், ஆனா படிச்சிட்டு எங்கிட்ட வந்து போட்டோ கேக்கக் கூடாது. போர்ட் பிளேர் லம்பா லைன்ல, ஏர்போர்ட் ரோட்டைப் பார்த்த மாதிரி என் கடை. மெஷினைப் பார்த்துக்க நான், ஃப்ளெக்ஸ் ஓரத்துல கயிறு கட்டுற வளையம் அடிக்க என் வீட்டுக்காரி சபீனா, அவ்வளவுதான் ஸ்டாஃப். சுனாமி முடிஞ்சு ஆறேழு வருஷத்துக்கு அப்புறம் நடந்ததைச் சொல்றேன். இதுல வர்ற பொண்ணோட பேரை மட்டும் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேன்.

ஓரமா அடுக்குங்க

காலேஜ் ஓட்டப்பந்தய டீம் போட்டிக்காகக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போச்சு. விக்கிங்கிற பையன் மூணாவதா வந்து வெண்கலம் வாங்கினான். கூடப் போன ஆறு பொண்ணுங்கள்ல ஒருத்தி எண்ணூறு மீட்டர்ல ரெண்டாவதா வந்து வெள்ளி வாங்கினா. வரவேற்பு ஃப்ளெக்ஸ் அடிக்க விளையாட்டுச் சங்கச் செயலாளர் மாரிமுத்து அண்ணன் வந்து, நாற்காலியை என் கம்ப்யூட்டர் பக்கத்துலயே இழுத்துப் போட்டுக்கிட்டார். பத்துக்கு எட்டு சைஸ், நாலு காப்பி. நடுவுல விக்கி, தலையிலிருந்து கால் வரைக்கும், மெடலைக் கடிச்சுக்கிட்டு, பல்லு முப்பத்திரண்டும் தெரிய. கீழே 'வாழ்த்துவோர்' பதினொரு பேர். வலது ஓரத்துல ஆறு பொண்ணுங்களும் தபால்தலை சைஸ்ல, மேலிருந்து கீழா.

வெள்ளி வாங்கின பொண்ணு அந்த வரிசையில அஞ்சாவது. "அண்ணே, மூணாவதா வந்தவன் இம்புட்டுப் பெருசு, ரெண்டாவதா வந்த பொண்ணைக் கொஞ்சம் பெருசாக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். அவர் என்னை ஒண்ணும் தெரியாத பச்சப்புள்ளையைப் பாக்குற மாதிரி பார்த்தார்.

"அரே பாய், ஒருத்தரும் விட்டுப் போகக் கூடாது, ஒருத்தரும் தெரியவும் கூடாது. ஓரமா அடுக்குங்க."

அரை அடி

மத்த அஞ்சு பொண்ணுங்க போட்டோவும் காலேஜ்லேருந்து வந்துடுச்சு. வெள்ளி வாங்கினவ போட்டோ மட்டும் மங்கல். அதனால சௌல்தாரியிலிருந்து பஸ் பிடிச்சு அவளே வந்தா. அவங்கப்பா முன்னாடி கச்சால் தீவுல ரப்பர் பால் எடுத்தவர். வீட்டைக் கடல் கொண்டு போனப்புறம் சௌல்தாரிக்கு வந்து குடியேறின குடும்பம். டிராக் சூட் போட்டு, மெடலைக் கழுத்துல மாட்டி, நீலத்துணிக்கு முன்னாடி நிமிர்ந்து நின்னா. நான் எடுத்ததுலயே நல்ல படம் அது, சும்மா சொல்லல.

படம் எத்தனை அடி வரும்னு கேட்டா. அரை அடின்னு சொன்னேன். கையை விரிச்சு சாண் அளவு வெச்சுப் பார்த்துட்டுச் சிரிச்சா.

"ஓடினது எண்ணூறு மீட்டர், வந்தது அரை அடியா பாய்?"

வாழ்த்தவே இல்லை

ஃப்ளெக்ஸ் கட்டி ஒரு மாசம்கூட ஆகல. பிராக்டிஸ் முடிஞ்சு சாமான் வைக்கிற ரூம்ல விக்கி தன்னைப் பலாத்காரம் பண்ணிட்டான்னு டீம் பொண்ணு ஒருத்தி ஸ்டேஷன்ல புகார் கொடுத்துட்டா. போலீஸ் வந்து அவனைக் கூட்டிட்டுப் போச்சு. புகார் கொடுத்தவ யாருன்னு வெளியில சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. எங்க ஊர்ல அந்தச் சட்டம் தெரியாதவங்க கிடையாது, ஏன்னா ஒவ்வொருத்தரும் "சட்டப்படி சொல்லக் கூடாது, இருந்தாலும் யாரு அது?"ன்னுதான் பேச்சையே ஆரம்பிச்சாங்க.

மறுநாள் ஷட்டரைத் தூக்குறேன், பதினொரு வாழ்த்துவோர்ல ஏழு பேர் வாசல்ல நிக்கிறாங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்கன்னு பார்த்தா, ஏழு பேருக்கும் ஒரே கவலை, ஃப்ளெக்ஸ்ல இருக்கிற தன் முகம். ஹார்டுவேர் கடைக்காரர்தான் ரொம்பக் கொதிச்சுப் போயிருந்தார். "நீங்கதானே அண்ணே உங்க போட்டோவைக் கொண்டாந்து குடுத்தீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்சம்கூட அசரலையே மனுஷன்!

"நான் அவனை வாழ்த்தவே இல்ல பாய், என் போட்டோதான் வாழ்த்துச்சு."

வாயை மூடு

விக்கி ஜாமீன்ல வந்தான். அடுத்த நாளே மாரிமுத்து அண்ணன் வந்தார். 'உண்மை வெல்லும், நாங்கள் உன்னோடு' அப்படீன்னு ஒரு ஃப்ளெக்ஸ் வேணுமாம். ஆனா எங்கிட்ட இருக்கிற விக்கி படம் எல்லாத்துலயும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். கேஸ்ல மாட்டினவன் இளிச்சுக்கிட்டு நின்னா எவன் நம்புவான்? சோகமா ஒரு படம் கேட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பினாங்க. அவன் வாழ்க்கையிலயே சோகமா படம் எடுத்துக்கிட்டது இல்லையாம்.

கடைசியில நானே உக்காந்து ஒவ்வொரு பல்லா மறைச்சேன். மெடலை அழிச்சேன், கீழுதட்டை மேலே இழுத்தேன், கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்பு போட்டேன். அடிச்சும் குடுத்தேன். ஆமாங்க, நான்தான் அடிச்சேன். உங்களுக்குக் கோபம் வந்தா வரட்டும், எனக்கே வருது. அண்ணன் தள்ளி நின்னு தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்தார்.

"வாயை மூடினதும் பையன் நிரபராதி மாதிரியே இருக்கான் பாய்."

மங்கலாக்க ஒரு தெளிவான படம்

மூணு நாள் கழிச்சு அண்ணன் மறுபடி வந்து, என் காதுக்கிட்ட குனிஞ்சு அந்தப் பொண்ணு பேரைச் சொன்னார். என் நீலத்துணிக்கு முன்னாடி நின்ன அதே பொண்ணு! 'பொய்ப் புகார்'னு ஒரு ஃப்ளெக்ஸ், அதுல அவ படம் பெருசா வேணுமாம். போன தடவை அரை அடிக்கு மேல போகாதவர், இப்ப ஆறடி கேக்கிறார். முகம் வெளியில வந்தா அவங்கப்பா மானத்துக்குப் பயந்து காலேஜையும் ஓட்டத்தையும் நிறுத்திடுவார், புகாரும் தன்னால போயிடும்னு எனக்கு விளக்கம் வேற. அடுத்த மாசம் மெயின்லேண்ட்ல அவளுக்கு செலக்ஷன் இருந்துச்சு.

"மை தீர்ந்துபோச்சுண்ணே, கப்பல் வரல"ன்னு சொன்னேன். போர்ட் பிளேர்ல கப்பல் வரலன்னு சொன்னா நம்பாத ஆளே இல்ல. அதுக்கப்புறம் டீம்ல இருக்கிற ஆறு பொண்ணுங்க படத்தையும் கேட்டு ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. பக்கத்துத் தெரு ஆன்ட்டி ஒருத்தங்க, அந்த மாதிரிப் பொண்ணா இல்லையான்னு முகத்தைப் பார்த்ததும் சொல்லிடுவாங்களாம். கடைசியா கேபிள் டிவி நிருபர் வந்தான். முகத்தைக் காட்டக் கூடாதேப்பான்னு சொன்னேன். ரொம்பப் பொறுமையா எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தான்.

"மங்கலாக்கித்தான் பாய் போடுவோம், மங்கலாக்குறதுக்கு முதல்ல தெளிவா ஒரு படம் வேணும்ல?"

என் புத்திசாலித்தனம்

அன்னைக்கே அவ படத்தைக் கம்ப்யூட்டர்லேருந்து அழிச்சேன். அதோட விட்டிருக்கலாம். பழைய ஃப்ளெக்ஸ் நாலும் ரோட்டுல அப்படியே தொங்குதே, அதுல அவ முகம் இருக்கேன்னு மனசு கேக்கல. முழுசா இறக்கினா மாரிமுத்து அண்ணன் சண்டைக்கு வருவார். விடிஞ்சதும் பிளேடும் ஏணியுமா போய், நாலுலயும் அவ படத்தை மட்டும் சதுரமா வெட்டி எடுத்துட்டு வந்தேன். பெரிய தியாகம் பண்ணின நெனப்புல நாலு இட்லி கூடுதலாவே சாப்பிட்டேன்.

மதியத்துக்குள்ள ஏர்போர்ட் ரோட்டுல ஸ்கூட்டரெல்லாம் நிக்குது. எல்லாரும் ஃப்ளெக்ஸைக் கை நீட்டி மேலிருந்து எண்ணுறாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஓட்டை! ஆறு பேர்ல யாருன்னு தெரியாம இருந்த ஊருக்கு, ஆறு பேர்ல யாருன்னு சதுரம் வெட்டிக் காட்டியிருக்கேன். யா அல்லாஹ்! வளையம் அடிச்சுக்கிட்டு இருந்த சபீனா சுத்தியலைக் கீழே வெச்சா.

"அந்த டிவிக்காரன் கேட்டும் குடுக்காததை, நீங்க கேக்காமலே ஊருக்குக் குடுத்துட்டீங்க."

நனையறவர்

மழை பிடிச்ச வாரம் வண்டூர் படகுக்காரர் ஒருத்தர் சுருட்டின ஃப்ளெக்ஸோட வந்து இறங்கினார். வண்டூர் ரோட்டுல தொங்கினதை அவிழ்த்துட்டுப் போய், படகு இன்ஜினுக்கு மேலே மூடியிருக்கார். ஓட்டை வழியா தண்ணி இறங்கி இன்ஜின் ஸ்டார்ட் ஆகலையாம். அவர்கிட்ட கேஸைப் பத்திச் சொன்னேன். விக்கி யாருன்னே அவருக்குத் தெரியல, அந்தப் பொண்ணு யாருன்னும் கேக்கல. ஊர்ல நான் பார்த்த ஒரே நல்ல மனுஷன்னு நெனச்சு, ஒட்டுப் போட்டுக் குடுத்தேன்.

"வெட்டினவன் வீட்டுக்குப் போயிட்டான் பாய், நனையறது நானு."

அஞ்சாவது படம்

அப்புறம் ஒரு நாள் காலையில அவளே வந்தா. வாசல்ல குடையைப் பிடிச்சுக்கிட்டு அவங்கப்பா. மானத்துக்குப் பயந்து மகளை வீட்டுல பூட்டிடுவார்னு மாரிமுத்து அண்ணன் கணக்குப் போட்ட அதே அப்பாதான் கூட்டிட்டு வந்திருந்தார். செலக்ஷன் ஃபார்ம்ல ஒட்ட, அன்னைக்கு எடுத்த படம் வேணும்னு கேட்டா. டிராக் சூட் கேஸுக்காகப் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு, திருப்பித் தரலன்னு சாதாரணமா சொன்னா. அந்தப் படத்தை நானே அழிச்சிட்டேன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. எல்லாருக்கும் இல்லைன்னு சொல்லிச் சொல்லி, படத்துக்குச் சொந்தக்காரிக்கும் இல்லாம பண்ணி வெச்சிருக்கேன்.

நீலத்துணியை மறுபடி கட்டினேன். சபீனா தன் கையால அவ முடியைச் சரி பண்ணி விட்டா. சாதா சுடிதார்தான், மெடலும் இல்ல, ஆனா அதே மாதிரி நிமிர்ந்து நின்னா. பிரிண்ட் எடுத்து நானே ஃபார்ம்ல ஒட்டிக் குடுத்தேன். அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாச்சு, புகாரை வாபஸ் வாங்குறதா இல்லன்னு அவங்கப்பா எங்கிட்ட சொல்லல, தெருவுக்கே கேக்கிற மாதிரி சொன்னார். அவ படி இறங்கினா. ஏர்போர்ட் ரோட்டுல விக்கி இன்னும் பத்தடிக்கு மெடலைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான். அவனைப் பார்த்தா, ஓரத்து ஓட்டையைப் பார்த்தா, திரும்பி என்னைப் பார்த்தா.

"வெட்டணும்னு தோணியிருக்குல்ல பாய், அவனை வெட்டாம என்னை ஏன் வெட்டினீங்க?"

ஊர்ல இருக்கிற முகத்தையெல்லாம் அடிக்கணக்குல அடிச்சுக் குடுத்தவனுக்கு, அன்னைக்குத் தன் முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறதுன்னுதான் தெரியல.