சரோஜா இல்லாமல் வாசித்த பாட்டு

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் என் வீட்டுக்குப் பின்வரிசையில் குடியிருக்கும் பெண், ஒரு ராக் குழுவில் கித்தார் வாசிக்கிறாள். போன வாரம் கைத்தொலைபேசியை நீட்டி, "அங்கிள், பாருங்களேன், ஜப்பான்ல எங்க பாட்டப் பாடுறாங்க" என்றாள். எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத பிள்ளைகள் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். "நானும் ஒரு காலத்தில்..." என்று தொடங்க வந்து விழுங்கிக்கொண்டேன். வயதானவன் அப்படித் தொடங்கினால் இளையவர்கள் முகத்தில் ஒரு பொறுமை வரும். அதை நான் அறிவேன். உங்களிடம் சொல்லலாம், எழுந்து போக மாட்டீர்கள்.

எங்கள் குழுவின் பெயர் 'மூன்றாம் டிவிஷன்'. நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டப் பிரிவின் பெயரே அதுதான். வேறு யோசிக்கச் சோம்பல். எழுபதுகளின் கடைசி. பாட்டு எழுதி, கித்தார் வாசித்துப் பாடியவன் தேவன். பேஸ் கித்தார் நான். அதன் நான்கு கம்பிகளில் எனக்கு இரண்டு தாராளமாகப் போதும். டிரம்ஸ் சரோஜா.

சரோஜா பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். காலையில் வேலை முடித்து, மத்தியானம் சோறு தின்ற கையோடு நாங்கள் வாசித்துப் பழகும் பழைய ரப்பர் ஸ்டோருக்கு வந்துவிடுவாள். பாலை உறைய வைக்கும் அமிலத்தின் புளித்த வாடை அந்தச் சுவரிலேயே ஊறிக் கிடந்தது. இன்றும் காடி வாடை அடிக்கும் கடைக்குள் நுழைந்தால் எனக்கு அவள் அடிப்பது கேட்கும். நாங்கள் தாளத்தை நான்காக எண்ணிப் பழகியவர்கள். அவள் ஏழில் அடிப்பாள். எங்கே கற்றாய் என்றால், "யாருக்குத் தெரியும்? கை அப்படிப் போவுது லா" என்பாள்.

லூமுட்டில் ஒரு கல்யாணத்தில் வாசித்தோம். பெண் வீட்டார் சினிமாப் பாட்டு கேட்டார்கள். தேவன் தன் பாட்டையே பாடினான். மண்டபம் பாதி காலியானது. பங்கோர் தீவுக்குப் படகு ஏறக் காத்திருந்த ஹாலந்துக்காரன் ஒருவன் மட்டும் வாசலில் நின்று கடைசிவரை கேட்டான். பெயர் யோஹான். நாங்களே ஸ்டோரில் பதிவு செய்த கேசட் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனான். அதோடு மறந்துவிட்டோம்.

ஏழெட்டு மாதம் கழித்து, தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒரு கடிதத்தோடு ஓடிவந்தார். யோஹான் வேலை செய்யும் வானொலியில் எங்கள் பாட்டு ஓடுகிறதாம். பக்கத்து நாடுகளிலும் கேட்கிறார்களாம். கோடையில் ஓர் இசை விழா. மூவரும் வர வேண்டும், டிக்கெட் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தான். கிராணி அதைத் தமிழில் சொல்லிவிட்டு, நம்பாமல் மறுபடி ஆங்கிலத்தில் படித்தார்.

பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. சரோஜாவின் அப்பா அவள் பிறப்பைப் பதியவே இல்லை. இதே மண்ணில் பிறந்தவள்தான். ஆனால் அவள் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை.

"எனக்கு சிவப்பு ஐசி. பாஸ்போர்ட் கெடைக்காது. நீங்க ரெண்டு பேரும் போங்கண்ணே" என்றாள், குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே.

"நீ இல்லாம எப்படி லா? வரலன்னு எழுதிப் போட்டுடலாம்" என்றான் தேவன்.

அவனை மாற்றியது நான். மறுநாள் தோட்டத்துச் சடக்குப் பாதையில் சைக்கிளைத் தள்ளியபடி பேசினேன். "மச்சான், இன்னொரு தடவ இப்படிக் கூப்பிடுவாங்களா? போய்ட்டு வந்து அவளுக்கு ஒரு வழி பார்ப்போம்." என்ன வழி என்று நான் யோசித்திருக்கவே இல்லை.

ஈப்போவில் நடனக் குழுவொன்றில் வாசித்துக்கொண்டிருந்த ஆ மெங் என்ற சீன இளைஞனை டிரம்ஸுக்குச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டோம்.

ஹாலந்தில் நல்ல வெயில். பெரிய புல்வெளியில் மேடை. தேவன் கம்பியைத் தொட்டதும் முன்வரிசை கைதட்டத் தொடங்கியது. சரோஜாவின் ஏழு. வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தார்கள். ஆ மெங் நான்கில் அடித்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் பத்து நாள் பழக்கம். கூட்டத்தின் கைகள் கொஞ்ச நேரம் எங்களோடு மல்லுக்கட்டின. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. முடிவில் மரியாதைக்குத் தட்டினார்கள். மேடைக்குப் பின்னால் வந்த யோஹான் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெண் எங்கே?"

திரும்பி வந்ததும் சரோஜா கேட்டாள். "கை தட்டுனாங்களாண்ணே?"

"தட்டுனாங்க" என்றேன். எந்தத் தாளத்தில் என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே என்று நெடுநாள் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

குழு அந்த வருடத்தோடு முடிந்தது. யாரும் சண்டை போடவில்லை. ஸ்டோருக்குப் போவது குறைந்து, நின்றது. தேவன் சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனான். எனக்கு ஈப்போவில் ஓர் ஆபீஸ் மேசை கிடைத்தது. சரோஜா கல்யாணமாகி பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்துக்குப் போனாள். ஐம்பது தாண்டிய பிறகுதான் அவளுக்குக் குடியுரிமை வந்தது. அதைச் சொல்ல, என் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தாள். அன்றைக்குத்தான் புல்வெளியில் நடந்ததைச் சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாம் லா" என்றாள். "தெரிஞ்சிருந்தா நான் அடிக்கிறத விட்டிருக்க மாட்டேன்."

தேவன் இப்போது இல்லை. யோஹானின் வானொலி நிலையத்தையும் மூடிவிட்டார்களாம். ஒருநாள் தோட்டத்துப் பக்கம் போனேன். மரங்களை அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். ஸ்டோர் நின்ற இடத்தில் கார் கழுவுகிறார்கள். வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம், குழாயைப் பிடித்திருந்தவர், "இங்க முன்ன என்ன இருந்துச்சுண்ணே?" என்றார்.

"ரப்பர் ஸ்டோர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.