பென்னாகரம் கரி பஸ்ஸும் பிரிக்காத கடிதமும்

இரண்டு நாள் யோசித்து, மனைவியைக் கலந்தாலோசித்து, பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டிய பிறகு, குடை எடுத்துச் செல்வதில்லை என்று தீர்மானித்தேன். மாசி மாதத்தில் தருமபுரிப் பக்கம் மழை பெய்ததாக யாரும் சொன்னதில்லை. பெய்யாது என்று எழுதிக் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டு, இந்த 1944-ஆம் ஆண்டில், சேலத்திலிருந்து புறப்பட்டேன்.

போனது பென்னாகரத்திலுள்ள அக்காவுக்காக. அவள் கணவர் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறார். பர்மா எல்லையில் எங்கோ. பத்து நாட்களுக்கு முன் சர்க்கார் முத்திரையுடன் ஒரு பழுப்பு உறை அவளுக்கு வந்தது. படித்துச் சொல்வதாகச் சொல்லிப் போஸ்ட்மாஸ்டர் கேட்டும் அக்கா கொடுக்கவில்லை. தம்பி வந்துதான் பிரிக்க வேண்டும் என்று அவரையே எனக்குக் கார்டு போடச் சொன்னாள். எனக்கோ, வீட்டைப் பூட்டிய பிறகும் மூன்று முறை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் சுபாவம்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் இருபது மைல், கட்டணம் எட்டணா. பெட்ரோல் கிடைக்காததால் பஸ் கரியில் ஓடுகிறது. பின்னால் ஆளுயர இரும்பு உருளை. அதில் கரி பற்றிக்கொள்ள, கைப்பிடி வைத்த விசிறியைச் சுற்ற வேண்டும். ஏழு மணி பஸ் என்றார்கள். ஏழு மணிக்குக் கரி கொட்டினார்கள்.

டிரைவர் முனியப்பன் என்னைவிடப் பத்து வயது இளையவர். எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன்.

"எறங்கி விசிறியச் சுத்துங்க."

இந்த பஸ்ஸில் அதுதான் வழக்கமாம். நேரம் கேட்பவர் விசிறி சுற்ற வேண்டும். இண்டூர் வரையுள்ள எட்டு மைலில் பஸ் நான்கு முறை நின்றது. நான்கு முறையும் கேட்டேன், சுற்றினேன்.

"இந்த ஐயா சுத்தற சுத்துக்கு பஸ் பெங்களூருக்கே போயிரும்போல" என்றார் புளிக்கூடையோடு வந்த அம்மாள் ஒருவர்.

இண்டூரில் மணி பத்தேகால். கரி மாற்றிக்கொண்டே முனியப்பன் கேட்டார்: "அப்பிடி என்னங்க அவசரம்?"

சொன்னேன்.

"கடுதாசில என்ன இருக்குதுங்க?"

"தெரியாது. ஒருவேளை அவருக்கு..."

"தெரியாதுன்னு சொன்னீங்க இல்ல, அதோட நிறுத்துங்க. மிச்சத்த நீங்களே எழுதாதீங்க. அடுத்த மேடு வரைக்கும் கேக்காம வாங்க பாக்கலாம்."

மேடு ஒரு மைல். கேட்காமல் வந்தேன். கரி பஸ் ஆளோடு மேடு ஏறாது என்பதால் அங்கே எல்லோரும் இறங்கி நடந்தோம். அடுத்து இரண்டு மைல் கேட்காமல் வரச் சொன்னார் முனியப்பன், பிறகு நான்கு. பயம் போய்விடவில்லை. டிக்கெட் வாங்காமல் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து வந்தது. அதை இறக்கிவிட நான் சண்டை போடவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பென்னாகரம். இறங்கும்போது, பஸ் எப்போது திரும்பும் என்று கேட்கவில்லை. முனியப்பன் சிரித்தார்.

அக்கா உறையை அரிசிப் பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி குமாஸ்தா ஒருவர் இங்கிலீஷில் எழுதியிருந்தார்: காலில் காயம், தேறிவருகிறார்.

"என்னிக்கி எழுதினதுப்பா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "ஏழு மாசம் ஆச்சுக்கா."

அவள் அடுப்பிலிருந்த விறகைப் பின்னுக்கு இழுத்தாள். "அன்னிக்கித் தேறி வந்திருக்காரு. இன்னிக்கி எப்பிடியோ தெரியாது. சரி, கை கழுவிட்டு வா, களி ஆறுது."

நான் வழிநெடுக விசிறி சுற்றிப் பழகியதை அவள் அடுப்படியிலேயே பழகியிருந்தாள். இருவருக்கும் என் நன்றி. முனியப்பன் இல்லாவிட்டால், அந்த உறையைப் பிரிக்கும் முன்பே என் முகத்தால் ஒரு சாவுச் செய்தி சொல்லியிருப்பேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: வெள்ளை வேட்டி வேண்டாம், கரி படியும். மேடு நடக்கச் செருப்பு வேண்டும். குடிநீர் இண்டூரில் கிடைக்கும். நேரம் கேட்பதில் ஆட்சேபணை இல்லை. கைக்குத் துணி எடுத்துச் செல்லுங்கள்.

இதை எழுதும் இன்றுவரை அடுத்த கடிதம் வரவில்லை.