பொருந்தாத பெருவிரல்

மகளுக்கு அப்போது ஆறு வயது. கொடிகாமம் சந்தையிலிருந்து தகப்பனோடு சைக்கிளில் வரும்போது பின் சில்லுக் கம்பிக்குள் கால் போய்விட்டது. பெருவிரல் முறிந்தது. "சின்னப்பிள்ளையின்ரை எலும்பு, தன்பாட்டிலை பொருந்தும்" என்று அயலில் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஊரில் வைத்தியம் தெரியாதவர் எவரும் இல்லை, மருந்துதான் இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டொக்டரும் அதையே சொன்னார். "காலை ஊண்டாமல் வைச்சிருங்கோ அம்மா. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! காலையில் ஹெலிகொப்டர், மத்தியானம் குண்டு போடுகிற பொம்மர். சத்தம் கேட்டால் வளவின் பின்பக்கத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்கு ஓட வேண்டும். கணவர் கடையில் இருப்பார். என் இடுப்பில் கைக்குழந்தை. மற்றக் கையால் மகளைத் தூக்கப் பார்ப்பேன். அதற்குள் அவள் இறங்கி ஓடிவிடுவாள். பயந்த பிள்ளைக்கு விரல் நோகுமா? பங்கருக்குள் போன பிறகுதான் அழுவாள்.

மாதங்கள் போயும் வீக்கம் வற்றவில்லை. திரும்பக் கொண்டுபோனோம். டொக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இந்த வயதிலை பொருந்தாமல் விடுறது குறைவு. ஓட விட்டனீங்களோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொம்மர்காரனிட்டைக் கேளுங்கோ" என்றேன்.

அவர் படத்தை மேசையில் வைத்தார். பிறகு, இப்படியே விட்டால் நொண்டித்தான் நடப்பாள், விரலுக்குள் கம்பி செலுத்த வேண்டும் என்றார். கம்பி கொழும்பிலிருந்து வர வேண்டும். அதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். ஒரு பிள்ளையின் கால்விரலுக்குள் போகிற கம்பியால் எந்த அரசு கவிழும் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஒருவழியாகக் கம்பி வந்தது. சத்திரசிகிச்சை முடிந்ததும் டொக்டர் மகளிடமே, "இனி ஓடினால் கால் சரிவராது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்த முறை பொம்மர் வந்தபோது அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "டொக்டர் ஓடக்கூடாது எண்டவர். நீங்கள் தம்பியைக் கொண்டு ஓடுங்கோ அம்மா." அந்தக் கையைப் பிரிக்க என்னால் முடியவில்லை. மூன்று பேரும் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். விழுகிற குண்டெல்லாம் எங்கள் கூரைக்கே வருகிறது என்று பிள்ளைகளின் மேல் கவிழ்ந்து கிடப்பேன். அந்த விரலை நான் வெறுத்தேன்.

எலும்பு பொருந்திவிட்டது. கம்பியை எடுத்த அன்று டொக்டர் அவள் கன்னத்தில் தட்டி, "கெட்டிக்காரி. இனி ஓடலாம்" என்றார்.

மகள் சிரிக்கவில்லை. "அப்ப இனிப் பங்கருக்கு ஓட வேணுமோ அம்மா?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.