இடது கைக்கு மட்டும் ஓர் உறை

கோலை இரண்டு கைகளாலும் பிடிக்கிறார்கள். உறை மட்டும் ஒரு கைக்குத்தான். ஏன்? கோல்ஃப் என்னும் ஆட்டத்தைப் பற்றி எனக்கு இன்றுவரை விடை தெரியாத கேள்வி இது. என் கணவரைக் கேட்டேன். துரை அப்படித்தான் போட்டுக்கொள்கிறார் என்றார். துரையைக் கேட்கும் வசதி எனக்கில்லை.

என் கணவர் சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கல் கம்பெனியில் படம் வரைகிறார். படம் என்றால் பூவும் கிளியும் அல்ல. எந்தக் குழி எவ்வளவு ஆழம், அடுத்த வெடியை எங்கே வைக்கலாம் என்று காட்டும் சுரங்கப் படம். கோடு இழையளவு விலகினாலும் தாள் திரும்பி வந்துவிடும். அவருடைய வலது கைதான் எங்கள் வீட்டு அரிசி, பருப்பு, குழந்தையின் பால் எல்லாம். கல்யாணமான நாள்முதல் அந்தக் கையில் நான் அரிவாள்மனையைக்கூடக் கொடுத்ததில்லை. தேங்காயும் நானேதான் உடைக்கிறேன்.

கம்பெனித் துரைகள் குழிகளுக்கு அப்பால் உள்ள பொட்டலில் சனிக்கிழமைதோறும் கோல்ஃப் ஆடுவார்கள். புல் கிடையாது. மணலில் எண்ணெய் கலந்து, வாசல் மெழுகியதுபோல் மெழுகி வைத்திருப்பார்களாம். நான்கு பேர் ஆடுவது வழக்கம். யுத்தம் வந்ததும் ஒருவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். பெரிய துரை ஆபீசை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். என் கணவர் தோள் அகன்றவர். பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் மண்வெட்டி பிடித்து வளர்ந்தவர். "நீ வா" என்றார் துரை. வரமாட்டேன் என்று சொல்வதற்கு அங்கே வழக்கமில்லை.

முதல் சனிக்கிழமை திரும்பி வந்தபோது அவருடைய வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

"ஏனுங்க, இந்தக் கைய வெச்சுட்டுத் திங்கக்கெழம எப்படிங்க பேனா புடிப்பீங்க?"

"அதுக்குன்னு ஒரு உறை இருக்குது புள்ள. துரை ஒரட்டாங்கையில போட்டிருக்கறாரு. அதப் போட்டாக் கொப்பளமே வராதாம்."

கொப்புளம் வலது கையில். உறை இடது கைக்கு. இது எனக்குக் கொஞ்சம் இடித்தது. ஆனால் நான் ஸ்கூல் பைனல் வரை படித்தவள். எந்த விதிக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று யோசித்தேன். இடது கை எதற்கான கை என்பது உலகத்துக்கே தெரியும். நாலு பேர் கூடும் இடத்தில் அதை மூடி வைப்பது மரியாதைதானே. வெள்ளைக்காரர்களைப் பற்றி எனக்கு முதல்முறையாக ஒரு விஷயம் புரிந்தது போலிருந்தது.

என் மாமியாருக்கும் இது பிடித்துவிட்டது. "ஒரட்டாங்கையத்தான மூடறாங்க? பரவால்லயே! அந்தளவுக்காச்சும் வெவரம் இருக்குது."

"கொப்பளம் சோத்தாங்கையிலங்க அத்தை."

"அது தானா ஆறிப்போயிரும் சாமி. மொதல்ல மொறையச் செய்யி."

உறை வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மதராஸ் கடை ஒன்றின் விலைப் புத்தகத்தை ஆபீசிலிருந்து கொண்டுவந்தார். அதில் ஓர் உறையின் விலை எங்கள் வீட்டு வாடகையில் பாதி. சீமைக்குத் திரும்பும் ஒரு துரைசானி வீட்டில் சாமான்களை ஏலம் விட்டபோது போய்ப் பார்த்தேன். முழங்கை வரை நீண்ட, முத்துப் பொத்தான் வைத்த வெள்ளை உறைகள் மலிவாகக் கிடைத்தன. ஆனால் அவற்றில் அவருடைய கட்டைவிரல் மட்டும்தான் நுழையும். கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் சாமான் விற்கும் கடைக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பஸ் ஓட்டுகிறவர்கள் போடும் கறுப்புத் தோல் உறை அங்கே இருந்தது.

"இதுல ஒத்தை மட்டும் குடுப்பீங்களா?"

கடைக்காரர் சிரித்தார். "நல்லாருக்குதே! செருப்பக்கூட ஒத்தக் காலுக்குக் கேப்பீங்க போல. யாருக்குங்க அம்மிணி?"

"ஊட்டுக்காரருக்குங்க."

"எங்க வேலைங்க?"

"வெள்ளக்கல்லுக் கம்பெனியிலங்க."

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. கல்லுக்கு வெடி வைக்கிற வேலை எப்படிப்பட்டது என்று அந்தக் கடைத்தெருவில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எந்தக் கைக்குங்க வேணும்?" என்றார்.

"எடது கைக்குங்க."

"அடக் கடவுளே! சோத்தாங்கையே போயிருச்சா!" என்று உள்பக்கம் திரும்பிச் சொன்னார். அவர் மனைவி வெளியே வந்து என் குழந்தையின் கன்னத்தைத் தடவினாள். "கைப்புள்ளக்காரிக்கு இப்படி ஒரு சோதனையா" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் குழந்தை உறையின் கட்டைவிரலைத் தன் வாயில் வைத்துவிட்டது. அதைப் பிடுங்கி, இது என்ன தோல், என்ன மருந்து போட்டுப் பதனிட்டது என்று விசாரிக்க வேண்டியிருந்தது. ஆட்டுத்தோல்தான், பயமில்லை என்றார். விசாரித்து முடிப்பதற்குள் பொட்டலம் கட்டியாகிவிட்டது. பாதி விலையிலும் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார்.

"இன்னொண்ணு இங்கயே கெடக்கட்டும். உங்க பக்கமிருந்து ஒரட்டாங்கை போனவங்க யாராச்சும் வராமயா போயிருவாங்க?"

அந்த விலை எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலைதான். வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை உறை போட்ட இடது கை ராஜா வீட்டுக் கை மாதிரி வந்தது. வலது கையில் கொப்புளம் உடைந்து ரத்தம் கட்டியிருந்தது. துரையே பார்த்துவிட்டுக் காரணம் சொன்னாராம். எந்தக் கை கோலின் மேல்முனையைப் பிடிக்கிறதோ, அந்தக் கைக்குத்தான் உறையாம். துரைக்கு மேலே இருப்பது இடது கை. என் கணவரோ மண்வெட்டி பிடிக்கிற பழக்கத்தில் வலது கையை மேலே வைத்திருக்கிறார். மாற்றிப் பிடிக்கச் சொன்னார்கள், மாற்றினார். கோலை ஓங்கியதும் கைகள் தாமாகவே கொடிக்காலுக்குத் திரும்பிவிட்டன. "கை அப்படியே இருக்கட்டும், உறையை மாற்று" என்று துரை விட்டுவிட்டார். மரியாதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அன்று தெரிந்தது.

உறையின் உட்புறத்தை வெளியே திருப்பினால் இடது கை உறை வலது கைக்குச் சேரும் என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். சேரவும் சேர்ந்தது. ஆனால் கறுப்புச் சாயம் இப்போது உள்பக்கம் வந்துவிட்டது. அதற்கடுத்த சனிக்கிழமை ஆடிய வியர்வையில் அது உள்ளங்கை முழுவதும் இறங்கியது. புளி, சாம்பல், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். திங்கட்கிழமை வரைந்த படத்தின் நடுவே அவருடைய கட்டைவிரல் பதிந்துவிட்டது. மேலதிகாரி அதைப் பார்த்து, "இது எந்தக் குழி? எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாராம். முழுத் தாளையும் புண் கையோடு மறுபடி வரைந்தார். இன்னொரு தாள் கெட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்றுச் சாப்பிடும்போது, ஸ்பூனால்தான், அவர் சொன்னார்: "அந்தக் கடை எங்க இருக்குது? நானே போயி மாத்திட்டு வாரேன்."

"வேண்டாங்க, நானே போறனுங்க."

"கைப்புள்ளய வெச்சுட்டு நீ எதுக்கு அலையற? எனக்கென்ன, ரெண்டு கையில்லயா?"

அதுதான் சங்கடம் என்று நான் சொல்லவில்லை. மாமியாரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய், உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, மகனுடைய வலது கையை மட்டும் சுற்றிப்போட்டார்.

"கைக்கு மட்டும் என்னத்துக்கு ஆத்தா?"

"மூஞ்சிக்கு யாரு கண்ணு வெக்கப்போறா? சும்மா இரு."

வலது கை உறை அந்தக் கடையில்தான் இருக்கிறது. நான் போய் இடது கை உறையைத் திருப்பிக் கொடுத்தால் மிச்சமிருந்த கையும் போய்விட்டது என்று நினைப்பார்கள். அவர் போனால் இரண்டையும் பார்ப்பார்கள். புண்ணோ இன்னும் மூடவில்லை. சனிக்கிழமை வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, இதைப் படிக்கும் சகோதரிகளில் யாருடைய கணவராவது இந்த ஆட்டம் ஆடுகிறவராக இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்: தோலை விட்டுவிட்டுத் துணியிலேயே தைப்பதானால் எந்தத் துணி தாங்கும், எத்தனை மடிப்பு வைக்கலாம்? சாயம் போகாத துணியாக இருக்க வேண்டும்.